வரையாட்டின் பின்னால் 39 ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ராயபுரம் கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்து, துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். 1986 முதல் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு, அங்கே பாறைகளில் உலவும் காட்டு ஆடான வரையாட்டைத் தேடிப் போய் வருகிறேன். டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. மாடியில் புறாவுக்குத் தீனி போடுகிறவர்கள்கூட அடுத்த மாடியில் இருந்து இவற்றைத்தான் கேட்கிறார்கள். அவசரத்தில் பாதிப் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அது மனதை உறுத்துகிறது. முழுப் பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வேட்டைக்காரன் என்று சொல்லிக்கொள்கிறீர்களே, எத்தனை ஆடு சுட்டிருக்கிறீர்கள்?

ஒன்றுகூட இல்லை. துப்பாக்கியைக் கையால் தொட்டதும் இல்லை. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு வரையாடு. அதைக் கொன்றால் சிறை. சட்டம் இல்லாவிட்டாலும் சுட்டிருக்க மாட்டேன். ஆனாலும் நான் செய்வதைச் சுற்றுலா என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. காற்றின் திசை பார்த்து நடக்கிறேன். புழுக்கையை உடைத்து உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். குளம்புத் தடத்தின் விளிம்பு இன்னும் கூராக இருக்கிறதா, சரிந்துவிட்டதா என்று குனிந்து பார்க்கிறேன். ஒரு பாறைக்குப் பின்னால் ஐந்து மணி நேரம் இருமாமல் கிடக்கிறேன். இவை வேட்டைக்காரனின் வேலைகள். முடிவில் என் கையில் இருப்பது பைனாகுலர், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடற்கரையில் பிறந்தவருக்கு மலை ஆட்டின் மேல் எப்படி இந்தப் பித்து?

இதற்குக் காரணம் துறைமுகம்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

என் அப்பா துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கினார். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். கூரை வரை மூட்டைகளை அட்டி போட்டிருப்பார்கள். ஒரு நாள் அந்த அட்டியின் உச்சியில் ஓர் ஆட்டுக்கிடா நின்றுகொண்டிருந்தது. யாருடையது, எப்படி ஏறியது என்று தெரியவில்லை. அப்பாவும் மற்றவர்களும் கீழே நின்று கூச்சல் போட, அது மூட்டைக்கு மூட்டை தாவி இறங்கி ஓடிவிட்டது. எனக்கு அப்போது பத்து வயது.

1980 இல், பதினோராம் வகுப்பில், தமிழாசிரியர் பட்டினப்பாலை நடத்தினார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் புலி முத்திரை குத்திய மூட்டைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன; அந்தப் போரின் மேல் நாயும் கிடாயும் ஏறித் துள்ளுகின்றன; எப்படித் துள்ளுகின்றன என்றால், 'வரையாடு வருடைத் தோற்றம் போல'. வகுப்பில் மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாவின் கிடங்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான பாட்டில் இருந்தது. வருடை என்றால் என்ன ஐயா என்று கேட்டேன். மலையில் உலவும் ஆடு, இப்போது வரையாடு என்று சொல்கிறார்கள், நானே பார்த்ததில்லை என்றார். அவர் பார்க்காததை நான் பார்த்துவிட வேண்டும் என்று அன்று எனக்குள் விழுந்ததுதான்.

ஆடு பார்க்க மலைக்கு எதற்கு? புளியந்தோப்பு ஆடுதொட்டிக்குப் போனால் தினமும் பார்க்கலாமே?

கேட்கிறவர்கள் விளையாட்டாகக் கேட்கிறார்கள், தெரியும். கறிக்கு ஆடு வெட்டுகிற அந்த ஆடுதொட்டிக்கும் போயிருக்கிறேன். அங்கே நிற்கிற ஆடு மனிதனைப் பார்த்தால் தலையைத் தாழ்த்திக்கொள்ளும், இல்லாவிட்டால் தழைக்காகக் கையைப் பார்க்கும். வரையாடு உங்களைப் பார்க்கிற பார்வை வேறு. நானூறு மீட்டர் தள்ளி, நிற்க இடமே இல்லாத பாறை விளிம்பில் நான்கு குளம்பையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அசைபோடுவதை நிறுத்திவிட்டு, நீங்கள் யார் என்று அது முடிவு செய்யும் வரை பார்க்கும். முடிவு செய்த பிறகு சீழ்க்கை மாதிரி ஓர் ஒலி. அடுத்த மூச்சில் மந்தை இல்லை. பலமுறை எனக்குக் கிடைத்தது அந்தச் சீழ்க்கை மட்டும்தான்.

வரையாடு வெள்ளாடா, செம்மறியா, மானா?

மான் இல்லை. மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து மறுபடி வளர்க்கும். வரையாட்டுக்கு ஆண், பெண் இரண்டுக்கும் உதிராத கொம்பு, பின்னோக்கி வளைந்திருக்கும். வெள்ளாட்டுக் கிடாவுக்கு இருக்கிற தாடியும் இதற்குக் கிடையாது.

நெடுநாள் இதை இமயமலைத் தார் ஆட்டோடும் அரேபியத் தார் ஆட்டோடும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005 இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது மூன்றும் வெவ்வேறு கிளை என்று தெரிந்தது. இமயமலைத் தார் வெள்ளாட்டுப் பக்கம் போயிற்று. நம் வரையாடு செம்மறிக்கு நெருங்கிய உறவு. அதற்கென்று நீலகிரிட்ராகஸ் என்று தனிப் பேரினமே கொடுத்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார்கள் இதை ஐபெக்ஸ் என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். அது முழுத் தவறு. ஆக, உலகத்தின் மலைச்செம்மறிகளுக்கு உறவுக்காரன் ஒருவன் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டும் வாழ்கிறான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வேறு எங்கும் இயற்கையில் இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள்?

மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தைய ஆண்டு, 1984 இல், அங்கே ஒரு பழைய பைனாகுலர் வாங்கினேன். ஒரு பக்கக் கண்ணாடியில் பூஞ்சை. வேலை கிடைத்து விடுப்பும் கிடைத்து 1986 இல் கோயம்புத்தூர் ரயில் ஏறினேன். பொள்ளாச்சியில் இருந்து வால்பாறை பஸ். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை ஏறுகிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவு வரும் முன்பே ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். சாலை ஓரத் தடுப்புச் சுவரில் ஐந்து ஆடுகள் நின்றன. என் ஜன்னலில் இருந்து கையை நீட்டினால் எட்டும் தூரம். ஒன்று சுவரை நக்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது, ஆனால் மகிழ்ச்சியால் இல்லை. ஆறு ஆண்டு கனவு கண்ட விலங்கு, சாலையோரத்தில் பஸ் புகையை முகர்ந்துகொண்டு நிற்கிறதே என்று மனம் உடைந்தது. அந்த ஆடுகள் மேல் இப்போது எனக்கு அந்த வருத்தம் இல்லை; செங்குத்துப் பாறை எங்கே இருக்கிறதோ அங்கே அவை இருக்கின்றன, சாலைதான் இடையில் வந்தது. ஆனால் அன்றைக்கு, மனிதனுக்குப் பழகாத ஆட்டைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன். நான்கு நாள் விடுப்பு தீர்ந்தது. பார்க்காமலேயே திரும்பினேன். அடுத்த ஆண்டும் அப்படியே.

மலையில் யார் கற்றுக்கொடுத்தார்கள்?

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர். சிறு வயதில் துரைமார்களுக்கு வேட்டையில் வழிகாட்டும் சிக்காரிகளோடு மூட்டை சுமந்து போனவர். அவரிடம் கிடைத்தது எந்தப் பள்ளியிலும் கிடைக்காது. மூன்றாவது பயணத்தில் அவரைச் சந்தித்தேன். என் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "தம்பி, நீங்கள் கீழே இருந்து மேலே ஏறிப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியானால் ஆடு உங்களை இரண்டு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்றார்.

வரையாட்டுக்குச் சிறுத்தையும் புலியும் செந்நாயும் கீழே இருந்துதான் வரும். அதனால் அதன் கண் எப்போதும் கீழே. கூர்மையான கண், மந்தை மேய்ந்தாலும் அசைபோட்டாலும் ஒரு பெட்டையாவது காவல் நிற்கும். இருட்டோடு கிளம்பி, மந்தை இருக்கிற முகட்டைச் சுற்றி, அதற்கு மேலே போய்விட வேண்டும். மலையில் வெயில் ஏறினால் காற்று கீழிருந்து மேலே வீசும், அந்தி சாய்ந்தால் மேலிருந்து கீழே இறங்கும். வெயில் ஏறிய பிறகு மேலே இருப்பவனின் வாடை ஆட்டுக்குப் போகாது. அந்தி வந்தால் போட்டுக் கொடுத்துவிடும். பெரியவர் பீடி பற்ற வைப்பதே புகை போகிற திசை பார்க்கத்தான். இரண்டு இழுப்புக்குமேல் இழுத்து நான் பார்த்ததில்லை.

துரைமார்களுக்கு வேண்டியது வயதான ஆண் ஆடு. வயது ஏறும்போது அதன் உடல் கறுத்து, முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல் வெள்ளி நிறம் படியும். பெரியவர் அதை வெள்ளை முதுகுக் கிடா என்பார். தோள் உயரம் ஒரு மீட்டரைத் தொடும், எடை 80 கிலோவுக்கும் மேல் போகும். அந்த முதுகு தொலைவில் இருந்தே பளிச்சென்று தெரிவதுதான் அதற்கு வினையாயிற்று. 1879 இல் நீலகிரியில் வேட்டையைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட வேண்டிய அளவுக்குச் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். பெரியவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்றும் தூக்கத்தைக் கெடுக்கும். குண்டு பட்ட ஆடு விளிம்பில் இருந்து சரிந்து பள்ளத்தில் விழுந்துவிடும். இறங்கவே முடியாத பள்ளம். துரை உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த முகட்டுக்கு நடப்பார். "கொம்பும் இல்லை, கறியும் இல்லை, ஆடும் இல்லை தம்பி" என்றார் பெரியவர்.

வெளிநாடுகளில் மலைச்செம்மறியைச் சுடுவதற்காகவே வாழ்கிறவர்கள் உண்டாமே?

உண்டு. வட அமெரிக்காவில் டால், ஸ்டோன், ராக்கி மலைப் பெருங்கொம்பு, பாலைவனப் பெருங்கொம்பு என்று நான்கு வகையாகப் பிரித்து, நான்கிலும் ஒவ்வொரு கிடாவைச் சுட்டு முடிப்பதை கிராண்ட் ஸ்லாம் என்கிறார்கள். அதற்காக வாழ்நாள் சேமிப்பையும் முழங்காலையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். 2013 இல் மொன்டானா மாநிலத்தில் ஒரே ஒரு கிடாவைச் சுடுவதற்கான அனுமதி 4,80,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அந்தப் பணம் செம்மறிகளைக் காக்கும் வேலைக்கே போகிறது என்பதும் உண்மை. வீட்டுச் செம்மறியிடம் இருந்து தொற்றிய நிமோனியாவில் அங்கே மந்தை மந்தையாகக் காட்டுச் செம்மறிகள் செத்திருக்கின்றன. வேட்டைக்காரர்களின் சங்கங்கள் அதற்காகச் செலவழிக்கின்றன. பாமீர் மலையில் மார்க்கோ போலோ செம்மறி இருக்கிறது. அதன் கொம்பு வளைவோடு அளந்தால் ஆறடியைத் தாண்டும். நம் லடாக்கிலும் பெரிய கொம்புள்ள நியான், ஷாப்பு எனப்படும் உரியல், நீலச் செம்மறி எனப்படும் பரல் எல்லாம் இருக்கின்றன. இந்தியாவில் இவற்றில் எதையும் சுடக் கூடாது.

அந்த வேட்டைக்காரர்களை நான் வெறுப்பதில்லை. நான்கு மணிக்கு எழுந்து, குளிரில் விரல் மரத்து, நாள் முழுக்க நடந்து, ஒன்றும் காணாமல் இறங்கி வந்து, மறுநாளும் நான்கு மணிக்கு எழுகிற மனம் எனக்குப் புரிகிறது. முழுக்கப் புரிகிறது. கொம்பைச் சுவரில் மாட்டினால் அந்தப் பசி அடங்கும் என்பது மட்டும் புரியவில்லை. நான்கு முடித்தவர்கள் அடுத்து ஆசியாவுக்கு ஏறுகிறார்கள்.

உங்களுக்கென்று ஒரு குறிப்பிட்ட கிடா இருந்ததாமே?

இருந்தது. இடது கொம்பின் நுனி ஒரு விரற்கடை உடைந்த வெள்ளை முதுகுக் கிடா. 2007 ஆகஸ்டில் மழை மூட்டத்துக்கு நடுவே முதலில் பார்த்தேன். தென்மேற்குப் பருவமழைதான் இவற்றுக்கு இணை சேரும் காலம். மற்ற மாதங்களில் தனித்துத் திரியும் பெரிய கிடாக்கள் அப்போதுதான் பெட்டை மந்தைக்கு வரும். இன்னொரு கிடாவோடு அது மோதிய சத்தம் பள்ளத்தாக்கைக் கடந்து கேட்டது. மூட்டம் மூடிக்கொண்டது. மறுபடி விலகியபோது வெறும் புல்தான் இருந்தது.

2008 இல் ஒன்பது நாள் தேடினேன், கிடைக்கவில்லை. சிறுத்தை அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவரும் அதற்கு முந்தைய மார்கழியில் காலமாகிவிட்டிருந்தார். 2009 ஆகஸ்டில், வனத்துறை அனுமதியோடு, அவர்களுடைய காவலர் ஒருவரோடு போனேன். ஆறாம் நாள் காலை ஒரு பாறை மேல் குப்புறப் படுத்திருந்தோம். கீழே இருந்து காற்று வந்துகொண்டிருந்தது. முதலில் வந்தது வாடை. புழுக்கமான, நெடியடிக்கிற கிடா வாடை. காவலர் என் மணிக்கட்டை அழுத்தினார். பாறைக்கு அடியில் இருந்து அது ஏறி வந்து பன்னிரண்டு அடி தள்ளி நின்றது.

கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம். முகத்தில் நெற்றியில் இருந்து வாய் வரை இறங்கும் வெள்ளைக் கோடு. கொம்பு முழுக்க நெருக்கமான வரிகள், உடைந்த நுனி மட்டும் மழுங்கி வழவழவென்று தேய்ந்திருந்தது. முதுகு மயிரில் மழைத்துளிகள் மணி மணியாக நின்றன. அது மூச்சு விடும்போதெல்லாம் அவற்றில் சில உருண்டு விழுந்தன. பைனாகுலர் என் மார்புக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது, எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். பிறகு அது ஒரு காலை உதறியது, திரும்பியது, வந்த வழியே இறங்கியது. அதன் குளம்பின் நடுவே மெத்தென்ற திண்டும் சுற்றிலும் கெட்டி விளிம்பும் இருக்கும் என்று படித்திருந்தேன். ஈரப் பாறையில் ஒரு சிறு கல்கூட உருளாமல் அது இறங்கியதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அதன் பிறகு அதை நான் பார்க்கவில்லை. வரையாடு பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டுவதில்லை.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

என் மனைவிக்குக் கடன்பட்டிருக்கிறேன். 1991 இல் பயணச் செலவுக்காக அவள் வளையலை அடகு வைத்தேன். மீட்க இரண்டு ஆண்டு ஆயிற்று. தம்பியின் நிச்சயதார்த்தத்தன்று நான் மலையில் இருந்தேன், அவன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். 1997 இல் கணுக்கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்துக் கிடந்தபோது, அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ஆட்டை ஒரு நாள் எனக்கும் காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னாள். 1999 இல் கேரளத்தில் மூணாறு பக்கம் உள்ள இரவிகுளத்துக்குக் கூட்டிப் போனேன். குட்டியோடு நின்ற பெட்டையைப் பார்த்துவிட்டு அவள் வெகுநேரம் பேசவில்லை. அதன் பிறகு பயணத்துக்கு முதல் நாள் புளிச்சாதம் கட்டுவது அவள்தான். பித்து என்பது வீட்டில் இன்னொருவர் சுமக்கிற சுமை. இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

இப்போது எத்தனை ஆடுகள் இருக்கின்றன?

தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025 இல் 1,303. இரண்டாவது முறை கணக்கெடுத்த பகுதியும் கூடுதல், ஆகவே ஒரே ஆண்டில் இவ்வளவு பெருகிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேரளத்தில் இரவிகுளம் ஒன்றிலேயே பெரிய கூட்டம் இருக்கிறது. வரையாடு நம் மாநில விலங்கு. அதற்கென்று தமிழக அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாடு திட்டத்தை அறிவித்து, 2023 அக்டோபரில் தொடங்கியது. 1975 இலேயே இவற்றைத் தேடித் திரிந்து ஆய்வு செய்தவர் ஈ.ஆர்.சி. டேவிதார். அவர் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினம்.

சுடுவதுதான் நின்றுவிட்டதே, இன்னும் என்ன ஆபத்து?

புல். வரையாடு வாழ்வது சோலைக் காடுகளுக்கு மேலே விரிந்த புல்வெளியிலும் அதை ஒட்டிய பாறையிலும். அந்தப் புல்வெளியை வெறும் நிலம் என்று நினைத்துத் தேயிலை வைத்தார்கள், தைலமரம் வைத்தார்கள், பைன் வைத்தார்கள், வாட்டில் எனப்படும் சீகை மரம் வைத்தார்கள். சீகை எதற்குத் தெரியுமா? அதன் பட்டையில் இருந்து தோல் பதனிடும் சாறு எடுக்கலாம். இங்கே பெரியமேட்டுத் தோல் மண்டியில் நிற்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது. முன்பெல்லாம் ஆவாரம் பட்டையில் பதப்படுத்தினார்கள்; பிறகு சீகைச் சாறு வந்தது. நம் ஊர் ஆட்டுத் தோலைப் பதப்படுத்த, மலை ஆட்டின் மேய்ச்சலை எடுத்திருக்கிறோம். சீகையை இப்போது யாரும் நட வேண்டியதில்லை, வெட்ட வெட்டத் தானே முளைத்துப் பரவுகிறது. புல்வெளி துண்டு துண்டாகப் போனதால் ஒரு முகட்டு மந்தை அடுத்த முகட்டுக்குப் போக முடியாமல் தனித்துவிடுகிறது. மரம் நடுவது எங்கேயும் புண்ணியம் என்று பேசுகிறவர்களிடம் நான் இதற்காகவே சண்டை போடுகிறேன்.

நானும் பார்க்க வேண்டும், எங்கே போவது?

மூணாறில் இருந்து ராஜமலைக்குப் போங்கள். அது இரவிகுளம் தேசியப் பூங்கா, 97 சதுர கிலோமீட்டர், வனத்துறை பஸ்ஸிலேயே மேலே கூட்டிப் போவார்கள். ஒரு காலத்தில் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்களம் அது. ஆடுகள் அங்கே மனிதருக்குப் பழகியவை. குழந்தைகளோடு போக அதைவிட நல்ல இடம் இல்லை. குட்டி போடும் காலத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில், மூடியிருக்கும். வால்பாறைச் சாலையில் பார்த்தால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். நீலகிரியின் முக்கூர்த்தி, ஆனைமலையின் புல்மலை (கிராஸ் ஹில்ஸ்) பகுதிகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நான்குக்குப் பிறகும் மேய்ச்சல். நடுப்பகலில் பாறை நிழலில் படுத்திருக்கும். அப்போது ஆட்டைத் தேடாதீர்கள், பாறையில் ஒரு நிழல் மட்டும் காதை அசைக்கிறதா என்று பாருங்கள்.

முழங்கால் போன பிறகும் விடமாட்டீர்களா?

மருத்துவர் இறக்கத்தில் நடக்கக் கூடாது என்கிறார். ஏறலாம் என்பதை நானே சேர்த்துக்கொண்டேன். பரங்கிமலைப் படிகளில் வாரம் ஒரு நாள் ஏறிப் பழகுகிறேன். வடசென்னையில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? அக்டோபருக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பேத்தி முதல்முறை வருகிறாள், பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எம்.சி. ரோட்டில் சட்டை எடுக்க வேண்டும். மண் நிறத்தில் எடுக்கலாம் என்றேன். சிவப்புதான் வேண்டுமாம். தாத்தா, ஆட்டுக்குச் சிவப்பு தெரியுமா என்று கேட்கிறாள். படித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.